மெசின் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கம்

பையை மேல தட்டில வைக்கச் சொல்லாதேங்கோ தங்கச்சி, அது என்ர மடியிலயே இருக்கட்டும். பாரம் ஒண்டும் இல்லை. உள்ளுக்கை ஒரு புத்தகம் கிடக்கு, அது மடங்கக்கூடாது. நீங்கள் எழும்ப வேண்டாம், ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கோ. பஸ் மொன்றியல் போய்ச் சேரும் மட்டும் உந்த மரமும் லொறியும்தானே, நான் எட்டிப் பார்த்து என்னத்தைக் காணப்போறன். தங்கச்சி எண்டு சொன்னதுக்கு ஒண்டும் நினைக்காதேங்கோ. என்னிலும் பார்க்க ரெண்டு வயசு குறைவாத்தான் இருப்பியள். இல்லையோ? சரி, ஒரு வயசு.

நானும் ஸ்காபரோதான். லோஜினி டீச்சர் எண்டு கேட்டால் எங்கட பக்கத்தில தெரியாத ஆக்கள் இல்லை. இப்ப மூண்டு கிழமையா இன்னும் வடிவாத் தெரியும், அதுக்குக் காரணம் வேற. ஊரில பதினாறு வருசம் பெட்டையளுக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிச்சனான். என்ர வகுப்பில ஒருத்தி பரிசோதனையைச் செய்யாமல் செய்தது எண்டு எழுதினாள் எண்டால், கொப்பியைத் திறக்க முதலே எனக்கு முகத்தில தெரிஞ்சிடும். அப்பிடி எழுதினவளை நான் வெளியால நிப்பாட்டாமல் விட்டதில்லை. தெரியாட்டில் தெரியாது எண்டு எழுது, செய்யாததைச் செய்தன் எண்டு எழுதாதை. இதைத்தான் பதினாறு வருசமும் கத்தினனான்.

மொன்றியலுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறியள். மனிசனைக் கூட்டிக்கொண்டு வரப் போறன். கோவிச்சுக்கொண்டு தம்பி வீட்டை போய் இருக்கிறார். கிட்டத்தட்ட மூண்டு கிழமை. அறுபத்தாறு வயசில ஒரு ஆம்பிளை கோவிச்சுக்கொண்டு போறதெண்டால் காரணம் எவ்வளவு பெரிசா இருக்க வேணும், சொல்லுங்கோ பாப்பம். காரணம் என்ன தெரியுமோ? உங்களுக்கு மூச்சு இழுக்கத் தெரியேல்லை எண்டு நான் சொல்லிப்போட்டனாம். இழுக்கத் தெரியாத ஆளை வேற என்னெண்டு சொல்லுறது.

பொறுங்கோ, முதலில இருந்து சொல்லுறன். இல்லாட்டில் நீங்களும் இந்த மனிசி ஒரு விசரி எண்டு நினைப்பியள்.

இவருக்குப் பேர் பேரின்பநாதன். பேரைப் பாருங்கோ, ஆளுக்கும் பேருக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. ஊரில அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்தவர், இஞ்ச வந்து இருபத்துமூண்டு வருசம் ஒரு வேர்ஹவுசில பெட்டி தூக்கினவர். முதுகெலும்பில மூண்டு இடத்தில தட்டு விலகிப் போச்சு. முதுகு நோ எண்டால் சாதாரண நோ இல்லை. இருந்தால் எழும்பேலாது, எழும்பினால் இருக்கேலாது. ரெண்டு வருசமா அவற்ற சப்பாத்துக் கயிற்றை நான்தான் குனிஞ்சு கட்டிவிடுறனான். வாசல் கதிரையில இருந்துகொண்டு காலை நீட்டுவார், நான் குனிஞ்சு முடிச்சுப் போடுவன்.

குளிசை குடுத்தினம். குளிசை வயித்தைப் புண்ணாக்கிப் போட்டுது. பேந்து டொக்டர் ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தார், ஒரு மூலிகைக்கு. காய்ஞ்ச மொட்டு. நீங்கள் ஏன் உப்பிடிச் சிரிக்கிறியள்? சட்டப்படி எழுதிக் குடுத்த மருந்து தங்கச்சி, சும்மா தெருவில வேண்டினது இல்லை. அதுக்குத் தமிழில ஒரு பேர் இருக்குத்தான். அந்தப் பேரை என்ர வாயால நான் சொல்லமாட்டன், எங்கட வீட்டில அதுக்குப் பேர் மருந்து. மொன்றியலில இருக்கிறாவே இவற்ற தம்பியின்ர மனிசி சுகிர்தா, அவ டெலிபோனில முழுப் பேரையும் சொல்லித்தான் கேட்டவ, அத்தான் இப்ப அதுவோ குடிக்கிறார் எண்டு. சுகிர்தாவின்ர கதை வேற இருக்கு, பிறகு வாறன்.

இவருக்கு யோகலிங்கம் எண்டு ஒரு கூட்டாளி. நல்ல மனிசன் எண்டு சனம் சொல்லும். சனத்துக்கு என்ன தெரியும். அந்தாள் தன்ர கராஜுக்கை ரெண்டு கதிரையைப் போட்டு, இந்த மருந்தைப் பேப்பரில சுத்தி, சுருட்டு மாதிரிப் பத்திக் குடுத்திருக்கிறார். இவரும் இருந்து ஊதியிருக்கிறார். வீட்டுக்கு வரேக்க ஒரு மணம், பிறகு விடியும் மட்டும் இருமல். மருந்தில பாதி புகையாப் போய் கராஜ் கூரையில ஒட்டுது, மீதி நெஞ்சுக்கை கரியாப் படியுது. எரிச்சால் அழியும் எண்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இந்த ரெண்டு கிழவருக்கும் தெரியேல்லை. டொக்டரும் இருமலைக் கேட்டுப்போட்டு, புகை கூடாது, ஆவியா இழுக்கிற மெசின் இருக்கு, அதைப் பாவியுங்கோ எண்டார்.

மகன் நிரோஜன் வேண்டிக் கொண்டுவந்தான். கையுக்கை அடங்கிற கறுப்புச் சாமான், ஒரு சின்ன டோர்ச் அளவு. மேல ஒரு வாய்க்குழாய், அதுக்குக் கீழ மருந்து போடுற கிண்ணம், கிண்ணத்தில ஒரு வலை. இலையை எரிக்காது, சூடாக்கும், அவ்வளவுதான். சூட்டில மருந்து ஆவியா வரும், இழுக்க வேண்டியது. மகன் ஐஞ்சு நிமிசத்தில இப்பிடி அமத்துங்கோ, இப்பிடி இழுங்கோ எண்டு காட்டிப்போட்டு, காரை எடுத்துக்கொண்டு போயிட்டான். ஐஞ்சு நிமிசம். புத்தகம் நாப்பத்தெட்டுப் பக்கம். அந்தப் புத்தகத்தைப் பெட்டியை விட்டு வெளியால எடுக்கக்கூட இல்லை அவன். இஞ்ச வளந்ததுகள் எல்லாம் இப்பிடித்தான், வாசிக்கிறதெண்டால் பஞ்சி.

நான் வாசிச்சன். ரெண்டு தரம். முதல் தரம் இங்கிலீசில, ரெண்டாம் தரம் சிவப்புப் பேனையோட. ஒவ்வொரு பக்கத்திலயும் சொன்னதைச் செய்து முடிக்க முடிக்க, மூலையில ஒரு சரி போட்டுக்கொண்டு வந்தன்.

நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன், ஆருக்கும் உதவும். அரைக்கிறதுதான் முதல் விசயம். யோகலிங்கம் மாதிரி விரலால பிய்ச்சுப் போட்டால் வெளிப்பக்கம் கருகும், நடுவில பச்சையாக் கிடக்கும். மாவா அரைச்சால் வலைக்குள்ளால விழுந்து அடைக்கும். ரசத்துக்கு மிளகு தட்டுற பதம்தான் சரி. பிறகு நிரப்பிறது. கிண்ணம் நிரம்ப வேணும், ஆனால் அமத்தக்கூடாது. எல்லாரும் விடுற பிழை இதுதான். புட்டுக்குழலுக்கை மாவை அமத்தி அடைஞ்சால் ஆவி மேல வருமோ? வராது. கீழ இருந்து காத்து வர வழி இருந்தால்தானே மேல ஆவி வரும். இதை நான் இவருக்குக் குசினியில வைச்சுப் புட்டுப்பானையைக் காட்டியே படிப்பிச்சனான்.

சூடும் அப்பிடித்தான். எடுத்த எடுப்பில இருநூறுக்கு ஏத்தக்கூடாது. நூற்றியெழுபத்தைஞ்சில தொடங்கி, நாலு இழுவைக்குப் பிறகு நூற்றியெண்பத்தைஞ்சு, கடைசியா நூற்றித்தொண்ணூற்றைஞ்சு. வெளிச்சம் பச்சையா மாறின உடனை பாயக்கூடாது, இன்னும் அரை நிமிசம் பொறுக்க வேணும். இது புத்தகத்தில இல்லை, நான் கண்டுபிடிச்சது. இழுக்கிறது மெல்ல, ஆறுதலா, பத்து எண்ணும் மட்டும். உறிஞ்சிப் பிடுங்கக்கூடாது. நடுவில ஒருக்கா நிப்பாட்டி, ஒரு குச்சியால மருந்தைக் கிளறி விட வேணும். முடிஞ்ச உடனை, இளஞ்சூட்டோட தூரிகையால துடைச்சால் எல்லாம் வந்திடும், ஆற விட்டால் பிசின் மாதிரி ஒட்டும். கிழமைக்கு ஒருக்கா வலையையும் வாய்க்குழாயையும் ஸ்பிரிட்டில ஊறப் போட வேணும். இவ்வளவும் செய்தால் கராஜில ஊதினதில பாதி மருந்து போதும். நான் நிறுத்துப் பாத்தனான்.

கேளுங்கோ. செப்டெம்பர் முழுக்க மெசின் என்ன மாதிரி வேலை செய்தது தெரியுமோ. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. இருமல் நிண்டிட்டுது. படியில கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார். ஒருநாள் பின்னேரம் பூங்காவுக்குப் போவம் எண்டு தானே கேட்டார், நான் குசினியில தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிக்கிறன், இவர் வாசல் கதிரையில இருந்து, மெல்லக் குனிஞ்சு, தன்ர சப்பாத்துக் கயிற்றைத் தான் கட்டுறார். ரெண்டு காலும். கட்டிப்போட்டு நிமிர்ந்து என்னைப் பாத்தார். நான் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதன் தங்கச்சி. சொல்லுறதுக்கு என்ன வெக்கம். கலியாணம் கட்டி நாப்பது வருசத்தில இவர் எனக்குத் தந்த எந்தச் சாமானுக்கும் நான் அப்பிடிச் சந்தோசப்படேல்லை.

பூங்காவால வந்த உடனை குளிர்சாதனப் பெட்டியில ஒரு அட்டவணை ஒட்டினன். திகதி, சூடு, எத்தனை இழுவை, இழுத்த விதத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி. ஏன் சிரிக்கிறியள்? அளக்காட்டில் எப்பிடித் தெரியும். முதலில இவருக்கு எட்டு, ஒன்பது எண்டுதான் போட்டனான். ஒருநாள் பத்தும் போட்டன். சந்தோசமாத்தான் இருந்தவர், அட்டவணையில ஒரு பிழையும் இல்லை. பிழை ஒக்டோபரில வந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. நான் வீட்டில விடுறதில்லை, இந்த நாட்டில ஆர் விட்டாலும் நான் விடமாட்டன். புத்தகங்கள், என்ர தையல் மெசின், இவற்ற துளை போடுற மெசின், மகன் விட்டிட்டுப் போன பழைய கொம்பியூட்டர், எல்லாத்தையும் கழுவித் துடைச்சு வெள்ளைத் துணியில வைச்சன். எல்லாத்துக்கும் நடுவில இந்த மருந்து மெசின். எங்கட வீட்டுக்கு அதை விடப் பெரிய ஆயுதம் என்ன இருக்கு, மனிசனை எழுப்பி நடக்க வைச்ச சாமான். சந்தனம் நல்ல சந்தனம், பன்னீர் விட்டுக் கெட்டியாக் குழைச்சது. எங்க பொட்டு வைக்கிறது எண்டு பாத்தால் எல்லாப் பக்கமும் வழுவழு எண்டு கிடக்கு, வைக்க வைக்க வழுக்குது. அடிப்பக்கம் திருப்பினன். ரெண்டு சின்னத் துவாரம், பக்கத்தில பக்கத்தில, பொட்டு வைக்கவெண்டே விட்ட மாதிரி. ரெண்டிலயும் வடிவா அமத்தி வைச்சு, நடுவில குங்குமமும் வைச்சன். கண் ரெண்டும் நெத்திப் பொட்டும் மாதிரி அவ்வளவு லட்சணம். படம் எடுத்து மகனுக்கும் அனுப்பினனான். பாத்ததாக்கூட அவன் சொல்லேல்லை.

விஜயதசமி முடிய மற்றச் சாமானில இருந்த சந்தனமெல்லாம் ரெண்டு நாளில காய்ஞ்சு தானா உதிர்ந்தது. இது உதிரேல்லை, சூட்டில இறுகி நிண்டுட்டுது. பூசைச் சந்தனத்தை நாங்கள் துடைக்கிறதில்லைத்தானே. அதாவே விழ வேணும். உங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே? அதைத்தான் சொல்லுறன்.

அதோட இந்த மனிசனுக்கு இழுவை குறைஞ்சு போச்சு. ஆவி வரேல்லை எண்டுறார். கன்னம் உள்ளுக்குப் போகுது, கண் சிவக்குது, ஆனால் ஒண்டும் வரேல்லையாம். நான் அரைச்ச பதத்தைப் பாத்தன், சரி. நிரப்பினதைப் பாத்தன், சரி. வலையை ரெண்டு தரம் ஸ்பிரிட்டில போட்டன். நான் செய்யிறது எல்லாம் சரியா இருக்கேக்க, மிச்சம் இருக்கிறது ஆர்? இவர்தானே. ஆக இழுக்கிறதில பிழை.

அண்டைக்குத் தொடங்கினன் பயிற்சி. ஒரு கிளாசில தண்ணி வைச்சு, ஸ்ட்ரோவால ஊதி இழுக்கச் சொன்னன், காலமை இருபது தரம். கடிகாரம் பிடிச்சன். செய்யிறார், ஆனால் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு செய்யிறார். அட்டவணையில மூண்டு, ரெண்டு எண்டு புள்ளி விழத் தொடங்கிட்டுது. ஒருநாள் ஒண்டே ஒண்டு போட்டன். சூட்டை இருநூற்றிப்பத்துக்கு ஏத்திப் பாத்தன், கருகின மணம் வந்ததே ஒழிய ஆவி வரேல்லை. நோ திரும்பி வந்திட்டுது. வாசல் கதிரையில இருந்து காலை நீட்டினார் ஒருநாள். நான் குனிஞ்சு கட்டேக்க, பாருங்கோ, ஒழுங்கா இழுத்திருந்தால் இது வேண்டாம்தானே எண்டு சொன்னன். சொன்னதில என்ன பிழை?

அவர் ஒருக்கா மெல்லக் கேட்டவர்தான், மெசினில ஏதும் பழுதோ, கழட்டிப் பாப்பமோ எண்டு. கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். சந்தனம் வைச்சுப் பூசை செய்த சாமான் பழுதாப் போகுமோ. மகனும் டெலிபோனில, அம்மா காத்து வாற வழியைப் பாருங்கோ, முப்பத்தோராம் பக்கத்தில இருக்கு எண்டான். அவன் எங்கயோ இண்டர்நெட்டில தேடி எடுத்தது. காத்து வாற வழியை எனக்குப் படிப்பிக்கிறான், புட்டுப்பானையை வைச்சுப் பாடம் எடுத்த எனக்கு. முப்பத்தோராம் பக்கம் சரி போட்டாச்சு எண்டு சொல்லி வைச்சிட்டன்.

போட்டிருந்ததுதான். பொய் இல்லை. அந்தப் பக்கத்தில என்ன இருக்கெண்டால், அடியில இருக்கிற காத்துத் துவாரத்தைக் கிழமைக்கு ஒருக்காப் பாத்து, ஊத்தை இருந்தால் ஊசியால எடுக்கச் சொல்லி. எங்கட துவாரத்தில ஊத்தை எங்க இருக்கு. சந்தனம்தான் இருந்தது. பூசைச் சந்தனத்தை ஊத்தை எண்டு சொல்ல எனக்கு நாக்கு வருமோ. ஊத்தை இல்லை எண்டால் எடுக்க ஒண்டும் இல்லை, எடுக்க ஒண்டும் இல்லை எண்டால் செய்து முடிச்ச மாதிரித்தானே.

நீங்கள் ஏன் ஜன்னலால பாக்கிறியள்? பஸ் நிக்கிற கிங்ஸ்டன் இன்னும் வரேல்லை.

சரி, மிச்சத்தையும் கேளுங்கோ. ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர் நாலு பேர் வந்திருக்கினம். இவர் கதிரையில நெளிஞ்சுகொண்டு இருக்கிறார், ஒருத்தி முதுகு எப்பிடி எண்டு கேக்கிறா. நான் உண்மையைச் சொன்னன். மருந்து நல்லது, மெசின் நல்லது, மனிசனுக்குத்தான் மூச்சு இழுக்கத் தெரியேல்லை, ஒண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கினது இவருக்கு விளங்குதில்லை எண்டு. அட்டவணையையும் காட்டினன். சனம் சிரிச்சுது. நானும் சிரிச்சன். இவர் எழும்பி, சுவரைப் பிடிச்சுக்கொண்டு, மெல்ல நடந்து வெளியால போனார்.

எங்க போயிருப்பார் எண்டு எனக்குத் தெரியாதோ. சனம் போன உடனை போனன் யோகலிங்கம் வீட்டை. கராஜ் கதவு பாதி திறந்து கிடக்கு, ரெண்டு கதிரை, ரெண்டு பேர், பழைய மணம். இவற்ற வாயில பத்தின சுருட்டு. பறிச்சுக் காலுக்குக் கீழ போட்டு மிதிச்சன். ரெண்டு மாசமா நான் இருமலை நிப்பாட்டி எடுத்த பாடு, ஒரு நொடியில இப்பிடி. என்ர வாயில என்ன வந்ததெண்டு இப்ப நினைவில்லை, வகுப்பில சொல்லுறதெல்லாம் வந்திருக்கும். யோகலிங்கம் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். இவர் குனியேல்லை. என்னை நேரா பாத்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"லோஜி, எனக்கு நோகுது. நீ எனக்குப் புள்ளி போடுறாய்."

இதுதான் அவர் சொன்னது. இவ்வளவுதான். நான் கீழ கிடந்த சுருட்டை இன்னொருக்கா மிதிச்சுப்போட்டு வீட்டை வந்திட்டன்.

அடுத்த நாள் நான் கோயிலால வர ஆள் இல்லை. மேசையில ஒரு துண்டு, தம்பி வீட்டை போறன் எண்டு. ஜாக்கெட் இல்லை, மெசின் இல்லை. புத்தகத்தை விட்டிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு மனிசி சொன்னா, கயிறு கட்டாத சப்பாத்தோட பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து போனவராம், கயிறு ரெண்டும் பனியில இழுபட. ஒருக்கால் தடக்கி விழுந்திருந்தால்? என்ன மனிசன் இது. என்னில கோவம் எண்டால் கோவிக்கட்டும், சப்பாத்துக் கயிற்றோட என்ன கோவம். நான் வந்த பிறகு போயிருந்தால் கட்டியாவது விட்டிருப்பன்.

அதுக்குப் பிறகு மூண்டு கிழமை. நான் டெலிபோன் எடுத்தால் ஓம், இல்லை, சாப்பிட்டன். அவ்வளவுதான் கதை. வீட்டில சத்தம் இல்லை தங்கச்சி. காலமை எழும்பி மருந்து அரைக்கக் கை போகுது, அரைச்சு ஆருக்குக் குடுக்கிறது. ஒருநாள் அந்த வாசல் கதிரையில நானே இருந்து பாத்தன். மெத்தப் பதிவான, உயரமில்லாத கதிரை, முதுகு நோகிற ஆள் அதில எப்பிடித்தான் இருந்தாரோ.

இப்ப வாறன் சுகிர்தாவின்ர கதைக்கு. அவ எனக்கு ஓரகத்தி எண்டு சொன்னன்தானே, அதுக்கு முதல் அவ என்ர மாணவி. மாணவி எண்டு சொல்லக்கூடாது, வகுப்பில இருந்தவ. கெமிஸ்ட்ரிக்குப் பதினெட்டுப் புள்ளி. உப்புத் தண்ணியைக் காய்ச்சி வடிக்கச் சொன்னால், வடிக்காமலே வடிச்சது எண்டு எழுதிப்போட்டுக் கடைசி வாங்கில இருந்து கச்சான் கடலை சாப்பிட்டவ. நான் ஒரு பாடம் முழுக்க வெயிலில நிப்பாட்டினனான். பாருங்கோ, பிறகு வந்து எங்கட குடும்பத்திலயே கலியாணம் கட்டினா. இப்பவும் என்னை டீச்சர் எண்டுதான் கூப்பிடுறவ, அதில ஒரு நக்கல் இருக்கெண்டு எனக்குத் தெரியும்.

அந்தச் சுகிர்தா நேற்று மத்தியானம் டெலிபோன் எடுக்கிறா. அத்தான் நல்லா இருக்கிறார், நல்லாச் சாப்பிடுறார், நல்லா நித்திரை கொள்ளுறார் எண்டு முதலில ஒரு பாட்டம். பிறகு சொல்லுறா.

"டீச்சர், அந்த மெசினுக்கு அடியில ரெண்டு ஓட்டையும் அடைபட்டுக் கிடந்தது. ஏதோ காய்ஞ்சு இறுகி. ஊசியால குத்தி எடுத்துவிட்டன், இப்ப நல்லா இழுக்குதாம்."

ஏதோவாம். பூசைச் சந்தனம் அவவுக்கு ஏதோ. ஊசியால குத்தி எடுத்திருக்கிறா. பதினெட்டுப் புள்ளி எடுத்தவ. புத்தகம் இல்லை, ஒரு பக்கம் வாசிக்கேல்லை, தூக்கித் திருப்பிப் பாத்திருக்கிறா, குத்தியிருக்கிறா, அவ்வளவுதான். இதுக்குப் பேர் மூளையோ? கைக்கு வந்ததைக் குத்துற பழக்கம். நான் சொன்னன், அது அதால இல்லை, நான் ஒரு மாசமாக் குடுத்த பயிற்சி இப்பதான் வேலை செய்யுது, மூச்சு பலப்பட்டிருக்கு எண்டு. ஓம் டீச்சர் எண்டா. அந்த ஓம் டீச்சரைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் பத்தியிருக்கும்.

பிறகு அவ என்ன நினைச்சாவோ, டெலிபோனை இவரிட்டைக் குடுத்திட்டா. நான் கேட்டது ஒண்டுதான். அங்க சப்பாத்துக் கயிறு ஆர் கட்டிவிடுகினம் எண்டு கேட்டன். தான்தான் கட்டுறன் எண்டார். சுகிர்தா வீட்டுக் குசினியில குக்கர் விசில் அடிக்கிறது கேக்குது. பேந்து அவர் சொன்னார்.

"வாவன் லோஜி, வந்து கூட்டிக்கொண்டு போ. அந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டு வராதை."

அது தெரியாத்தனமாச் சொன்னது. மெசினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். நாளைக்கு வலை அடைச்சால், மற்ற நாள் சூடு மாறினால், ஆருக்கு எந்தப் பக்கம் எண்டு தெரியும்? சுகிர்தாவுக்கோ? அதுதான் கொண்டு வந்தனான். காலமை வெளிக்கிடேக்க ரெண்டு தரம் வெளியால எடுத்து வைச்சன், ரெண்டு தரமும் திருப்பிப் பைக்குள்ளை வைச்சன். புத்தகம் இல்லாமல் வெறுங்கையோட அந்த வீட்டு வாசலில போய் நிண்டு நான் என்னத்தைச் செய்யிறது தங்கச்சி? என்னத்தைக் கதைக்கிறது?

நாப்பது வருசத்தில நான் அவருக்கு ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறன். சும்மா இருந்து பழக்கமில்லை.

கதையில நேரம் போச்சு, உதுதானே மொன்றியல் பாலம், இனிப் பத்து நிமிசத்தில இறங்கிடுவம். உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வருவினமோ? இவர் வந்து நிப்பார் எண்டு சுகிர்தா சொன்னவ, நடந்தே வருவாராம். கலியாண வீடு முடிஞ்சு ஞாயிற்றுக்கிழமைதானே திரும்புறியள் எண்டனியள்? எந்த பஸ், ரெண்டு மணி பஸ்ஸோ? நாங்களும் அதில வரலாம்.

அப்ப ஒரு உதவி செய்யுங்கோ. இதை உங்கட பைக்குள்ளை ஞாயிறு மட்டும் வைச்சிருங்கோ. என்ர பையுக்கை இடம் காணாது, அதாலதான், வேற ஒண்டும் இல்லை. மடங்காமல் வையுங்கோ. விருப்பமெண்டால் வாசிச்சும் பாருங்கோ, ஆரும் ஒழுங்கா வாசிச்சதில்லை அந்தப் புத்தகத்தை, உங்களுக்கு விளங்கும். முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் விட்டிடுங்கோ. அது அவ்வளவு முக்கியமில்லை.